இருபத்துநாலாம் கட்டில்

எங்கள் வார்டில் நாற்பத்தெட்டுக் கட்டில்கள். எலும்பு முறிந்த பெண்களுக்கான வார்டு. தினமும் காலை ஆறரைக்கு அதைத் துடைக்க வரும் அக்காவுக்கு ‘நாற்பத்தெட்டு’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. காரணம் கட்டில்கள் அல்ல, அவருடைய வாய்.

அவருக்கு எண் தெரியும், எழுத்து தெரியாது. வேதத்தை யாரோ வாசித்துப் பதிவு செய்ததைப் போனில் கேட்டுக் கேட்டே மனப்பாடம் செய்தவர். இயேசுவின் மலைப் பிரசங்கத்தின் முதல் அதிகாரத்தில் நாற்பத்தெட்டு வசனங்கள் என்று சபையில் யாரோ சொல்ல, “அட, நம்ம வார்டு மாதிரியே இருக்கே” என்று பிடித்துக்கொண்டார். கட்டிலுக்கு ஒரு வசனம். கட்டிலுக்கு அடியில் மாப்பை விட்டு எடுப்பதற்குள் அதைச் சொல்லி முடிக்க வேண்டும். நடுவில் தடுமாறினால் அதே இடத்தை மறுபடி துடைப்பார். வசனம் நீளமாக இருந்த கட்டில்களுக்கு அடியில் தரை பளபளவென்று மின்னியது.

நான் அந்த வார்டின் தலைமை நர்ஸ். மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று சொல்வார்கள், பொய் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன், வேதப்புத்தகம் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது, அதற்கு மேல் என்னிடம் கேட்காதீர்கள். காலையில் முணுமுணுவென்று ஒரு சத்தம் கேட்கும். வேலை நடக்கிறது என்று விட்டுவிடுவேன்.

நோயாளிகள் விடவில்லை. “என் கட்டிலுக்கு என்ன?” என்று கேட்கத் தொடங்கினார்கள். நாலாம் கட்டிலில் ஒரு பெண் இருந்தாள். அவள் காலை முறித்த விபத்தில்தான் அவள் கணவரும் போனார். வந்து ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. துக்கப்படுகிறவர்களுக்கு ஆறுதல் உண்டு என்பது நாலாம் வசனம். அந்த அக்கா அதை அவளுக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை, அது அந்தக் கட்டிலுக்கு விழுந்தது, அவ்வளவுதான். ஜன்னலோரம் ஒரு கட்டில் காலியானபோது அவளை மாற்றப் போனேன். முதல்முறையாக வாயைத் திறந்தாள். “வேண்டாம் சிஸ்டர். எனக்கு இதுதான்.”

முப்பதாம் கட்டில்தான் வம்பானது. மாவரைக்கும் எந்திரத்தில் வலது கை சிக்கி வந்தவள். முப்பதாம் வசனமோ, வலது கை பாவத்தில் இடறவைத்தால் அதை வெட்டி எறிந்துவிடச் சொல்கிறது. அவள் போட்ட கூச்சலில் டாக்டரே ஓடி வந்தார்.

“உங்களுக்குக் கொஞ்சமாவது இது இருக்கா?” என்று நெற்றியைத் தொட்டுக் காட்டிக் கத்தினேன். “கை போயிடுமோன்னு பயந்துட்டு இருக்கிறவகிட்டயா சொல்வீங்க?”

“வரிசையை நான் போடலையே சிஸ்டர்.”

“முப்பதை மனசுக்குள்ள சொல்லிக்குங்க. இல்லேன்னா வேற வார்டுக்குப் போங்க.”

சரி என்றார். சொன்னபடி செய்கிறாரா என்று அடுத்த சில நாள் காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். முப்பதில் மௌனம், நல்லது. ஆனால் அதற்கு முன்பே இன்னொரு மௌனம் இருந்தது. இருபத்துமூன்று முடிந்ததும் வாய் மூடிக்கொள்ளும், மாப்பு வேகமாகும், இருபத்தைந்தில் மறுபடி குரல் வரும்.

“மறந்துடுச்சாக்கா?”

“மறக்கல.”

அன்று வீட்டுக்குப் போய் மேல்தட்டிலிருந்து புத்தகத்தை இறக்கிப் பார்த்தேன். காணிக்கையோடு பீடத்தின் முன் நிற்கிறவனுக்கு, சகோதரன் தன்மேல் மனத்தாங்கலாக இருப்பது நினைவுக்கு வருகிறது. அதுவரை இருபத்துமூன்று. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு, முதலில் போய் அவனோடு சமாதானமாகு என்பது இருபத்துநாலு. அந்த அக்கா எங்கள் வார்டுக்கு வந்த நாலு வருடமாகப் பாதி வாக்கியத்தோடு நின்றுகொண்டிருந்தார்.

டீ வேளையில் விடாமல் கேட்டேன். அவருக்கு ஒரே தங்கை. ஒன்பது வருடத்துக்கு முன் அம்மா இறந்தபோது தகவல் தெரியாமல், அடக்கம் முடிந்த பிறகு யாரோ சொல்லித்தான் இவர் போய்ச் சேர்ந்தார். ஏன் சொல்லவில்லை என்று கூட்டத்தின் நடுவே தங்கையைக் கன்னத்தில் அறைந்துவிட்டார். வீடு திரும்பிய பிறகு போனைப் பார்த்தால், தங்கையின் எண்ணிலிருந்து பதினொரு அழைப்பு. இரண்டு நாளாக சார்ஜ் இல்லாமல் அணைந்து கிடந்தது இவர் போன்.

“தப்பு என்மேலதான்னு அன்னைக்கே தெரிஞ்சுபோச்சு சிஸ்டர். தெரிஞ்சுட்டு எந்த மூஞ்சியோட போறது? அவ கதவைச் சாத்திட்டா? எனக்குன்னு வேற யாரு இருக்கா?”



பிறகு இருபத்துநாலாம் கட்டிலுக்கு ரொட்டிக்கடையில் வேலை செய்யும் ஒருத்தி வந்தாள். தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. வேதமும் தெரியாது, கோயிலும் தெரியாது. ஆனால் நியாயம் தெரிந்தவள். ஆபரேஷன் நாளன்று, தள்ளுவண்டி வந்து நின்ற பிறகும், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்றாள். பயத்தில் உதடு வெளுத்திருந்தது.

“எல்லாருக்கும் சொல்றாங்க, எனக்கு மட்டும் ஒண்ணும் இல்ல. என் கட்டில் என்ன பாவம் பண்ணுச்சு? சொன்னாதான் வருவேன்.”

தியேட்டரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. “சொல்லித் தொலைங்கக்கா” என்று எரிந்து விழுந்தேன்.

அவர் மாப்பின் கம்பை இறுகப் பிடித்தார். இருபத்துமூன்றிலிருந்தே தொடங்கினார். அதைத் தாண்டி, காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு என்பது வரை குரல் சரியாகத்தான் இருந்தது. முதலில் போ என்ற இடத்தில் உடைந்தது. நின்றார். மறுபடி முதலிலிருந்து சொன்னார். மறுபடி அதே இடம். மூன்றாம் முறை முழுசாகச் சொல்லி முடித்தார். ரொட்டிக்கடைப் பெண் கம்பியை விட்டாள். “இப்ப போலாம்” என்று வண்டிக்காரரிடம் சொன்னாள். அந்த வசனத்தில் அவளுக்கு என்ன கிடைத்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வண்டி வாசலைத் தாண்டியதும் அந்த அக்கா வாளியை நடைபாதை நடுவில் வைத்தார். மாப்பை அதன்மேல் சாய்த்தார். கையுறையைக் கழற்றினார்.

“எங்க போறீங்க? பாதி வார்டு பாக்கி இருக்கு.”

“முதல்ல போகச் சொல்லுது சிஸ்டர்” என்றார். போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன். ஒரு வசனம் ஓர் ஆளைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போவதை அதுவரை கண்ணால் கண்டதில்லை. மீதிக் கட்டில்களை நானே துடைத்தேன். வார்டே பார்த்துக்கொண்டிருந்தது.

மறுநாள் ஆறரைக்கு வந்துவிட்டார். கண் இரண்டும் வீங்கியிருந்தன. தனியே இழுத்துப் போய்க் கேட்டேன்.

“கதவைத் திறந்தா சிஸ்டர். வாசல்ல நின்னே சொல்லிட்டேன். நீ கூப்பிட்டே, என் போன்தான் அணைஞ்சு கிடந்துச்சு, தெரிஞ்சும் ஒன்பது வருஷம் வாயை மூடிட்டு இருந்துட்டேன்னு.”

“அவங்க என்ன சொன்னாங்க?”

“‘எனக்கு அன்னைக்கே தெரியும்கா’ன்னா. நான் அவளை அடிச்சுட்டு ஒரு மூலையில உக்காந்து அழுதேன்ல, அப்ப என் போனை எடுத்து சார்ஜ்ல போட்டதே அவதானாம். போட்டதும் அவ கூப்பிட்டது பதினொண்ணும் வரிசையா வந்து நின்னுச்சாம். பார்த்துட்டு, ஒண்ணும் சொல்லாம என் பையில வச்சிருக்கா.”

“அப்பவே சொல்லியிருக்கலாமே?”

“நானும் அதைத்தான் கேட்டேன். ‘அத்தனை பேர் முன்னாடி அம்மாவுக்காக அழுதுட்டு இருந்தே, உன்னை எப்படிக்கா தலைகுனிய வைக்கிறது’ன்னா.”