நான்கு விரல் குறைத்துத் தைத்த பிளவுஸ்

காலை ஆறு ஐம்பதுக்கு நான் முதலில் கண்டது, சாப்பாட்டு மேசையில் ஒன்றன்மேல் ஒன்றாக விரித்திருந்த இரண்டு பிளவுஸ்களை. கீழே கிடந்தது என் பழைய பருத்திப் பிளவுஸ். அளவுக்கென்று நான் கொடுத்தனுப்பியது. மேலே என் கலியாணக் கூறைச் சேலைக்கான புதியது. சிவப்புப் பட்டு, கை முழுவதும் பொன்னிற நூல்வேலை. பழையது இரண்டு பக்கமும் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. விரலை வைத்துப் பார்த்தேன். எல்லாமாக நான்கு விரல்.

எங்கள் பக்கத்தில் கூறையை மாப்பிள்ளை வீட்டார் கொண்டுவருவார்கள். இப்போதெல்லாம் அதற்குரிய பிளவுஸையும் அவர்களே தைப்பித்து வருகிறார்கள். என் அளவுப் பிளவுஸ் லண்டனுக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் அக்காவோடு சென்னைத் தையற்கடைக்குப் போய், முதல் நாள் மாலை அவரோடு நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குத் திரும்பியிருந்தது. அவரை நான் மச்சாள் என்று கூப்பிடுவேன். தேத்தண்ணீரோடு வந்து எதிரில் இருந்தார்.

“மச்சாள், அளவு பிழைச்சுப்போச்சு.”

“பிழைக்கேல்லை. நான்தான் குறைச்சுத் தைக்கச் சொன்னனான். கலியாணத்துக்கு முதல் பொம்பிளையள் மெலியிறதுதானே. இன்னும் ஒரு மாதம் கிடக்கு.”

“மெலியாட்டி?”

அதற்கும் விடை வைத்திருந்தார். “கொழும்பில ஒரு இடம் விசாரிச்சு வைச்சிருக்கிறன். லைப்போசக்சன். சின்ன ஓட்டை போட்டுக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கிறது. வெள்ளி போனா ஞாயிறு வந்திடலாம். என்ரை கலியாணப் பரிசு எண்டு வையும்.”

அம்மா பிளவுஸை எடுத்து உட்புறத்தைத் திருப்பினார். பிரித்துத் தைக்க உள்ளே துணி விட்டிருக்கவில்லை.

“பிரிப்பியள் எண்டு தெரியும் மாமி,” என்றார் மச்சாள். “அதுதான் விடவேண்டாமெண்டு சொன்னனான்.”

அவர் குளிக்கப் போனதும் அம்மா குரலைத் தாழ்த்தினார். “முப்பத்தாறு வயசில பொருந்தி வந்தது, பிள்ளை. ஒரு பிளவுஸாலை குழப்பிப்போடாதை.”

நான் பத்திரிகையில் செய்தி திருத்துகிறவள். ஒன்றை மறுக்குமுன் அது என்னவென்று தெரிந்தவரிடம் கேட்பது வழக்கம். யாழ்ப்பாணத்துக்கு நோயாளரைப் பார்க்கவரும் ஒரு பெண் சத்திரசிகிச்சை நிபுணரிடம் நேரம் எடுத்தேன். மச்சாளும் வந்தார். தன் திட்டத்துக்குச் சாட்சி சொல்ல வைத்தியர் இருக்கிறார் என்ற தெம்பு அவர் முகத்தில் தெரிந்தது.

வைத்தியர் என் இடுப்பில் ஒரு மடிப்பைக் கிள்ளிப் பிடித்தார். “இது தோலுக்குக் கீழை இருக்கிற கொழுப்பு. இதை எடுக்கலாம். வயித்துக்கு உள்ளை, குடலைச் சுத்தி இருக்கிறதை எடுக்க ஏலாது.”

“நிறை குறையுமோ?” என்று கேட்டேன்.

“சொல்லுறமாதிரிக் குறையாது. சில இடங்களில உடம்பின்ரை வடிவத்தைத் திருத்தலாம். நிறை குறைக்கிற வைத்தியம் இல்லை.”

“எடுத்தது திரும்ப வருமோ?”

“எடுத்த கொழுப்புக் கலங்கள் திரும்ப முளைக்காது. ஆனா நீங்கள் நிறை கூடினா மிச்சம் இருக்கிறது பெருக்கும். வேறை இடத்தில தெரியும்.”

அப்பாவுக்கு நீரிழிவு இருந்ததால் அதையும் கேட்டேன். அதற்கு இது மருந்தில்லை என்றார். தளர்ந்த தோலையும் இறுக்காது. சிலருக்கு முன்னையைவிட அதிகம் தொங்கும். இரத்தம் கட்டுவது, கிருமி தொற்றுவது போன்ற ஆபத்துகளும் உண்டு.

மச்சாள் கதிரையை முன்னுக்கு இழுத்தார். “டொக்டர், ஒரு மாதத்துக்குள்ள கலியாணம். அதுக்குள்ள இந்தப் பிளவுஸ் கொள்ளுமோ?” கைப்பையிலிருந்து அதை எடுத்து மேசையில் வைத்தார்.

வைத்தியர் அதையும் பார்த்தார், என்னையும் பார்த்தார். “முதல் கிழமையளில வீங்கும், தோல் கண்டி நீலம் பாரிக்கும். இறுக்கமான பெல்ட் போடவேணும். முழுசா வத்த மாதக்கணக்கு எடுக்கும். இவ இப்ப போடுற பிளவுஸே அந்த நேரம் கொள்ளுமோ தெரியாது.”

பிறகு என் பக்கம் திரும்பினார். “தெரிஞ்சு, தானா விரும்பிச் செய்யிற ஆக்களுக்கு இது நல்ல சிகிச்சைதான். நீங்கள் விரும்புறியளோ?”

“இல்லை,” என்றேன். அன்றுவரை அதை என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.

வீடு திரும்பும் ஓட்டோவில் மச்சாள் பிளவுஸை மடித்துக் கைப்பைக்குள் வைத்தார். பிறகு கேட்டார். “அப்ப என்னத்தைப் போடப் போறீர்?”

“நானே ஒண்டு தைப்பிக்கிறன்.”

“கூறைப் பிளவுஸ் எங்கடை பொறுப்பு. நீர் தைச்சுப் போட்டா எங்கடை சனம் என்ன கதைக்கும்?”

“அளவாயிருக்கு எண்டு கதைக்கும்.”

“உமக்கு வாய் கூட.”

“அதையும் குறைச்சுத் தைக்க ஏலாது, மச்சாள்.”

ஓட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுச் சட்டென்று பார்வையை வீதிக்குத் திருப்பினார்.

சிகிச்சையோடு எனக்குப் பகை எதுவும் இல்லை. நான் ஓர் அளவு கொடுத்திருந்தேன். கேட்காமல் ஒருவர் அதைத் திருத்தியிருந்தார். செய்தி மேசையில், ஒருவர் சொன்னதை நாங்கள் மாற்றி அச்சடித்தால் திருத்தம் போட வேண்டியவர்கள் நாங்கள். சொன்னவரைக் கூப்பிட்டு, அச்சில் வந்தபடி இனிப் பேசுங்கள் என்று கேட்பதில்லை. இந்த வயிறு என்னோடு சைக்கிளில் வேலைக்குப் போய் வந்திருக்கிறது, வெள்ளத்துக்குள் நின்று செய்தி சேகரித்திருக்கிறது. எவருக்கும் அது விளக்கம் சொல்லத் தேவையில்லை.

அன்று மாலை லண்டனிலிருந்து மாப்பிள்ளை போன் எடுத்தார். அக்கா அதற்குள் கதைத்துவிட்டிருந்தார்.

“அவ கோவிச்சுக்கொண்டு கலியாணத்துக்கு நிக்காமப் போனா என்ன செய்யிறது?”

“நிக்கிறதும் போறதும் அவவின்ரை முடிவு. அளவு என்ரை. அது சரிவராட்டி இப்பவே சொல்லும்.”

அம்மா குசினியில் குழாயை மூடியது கேட்டது.

“சரி,” என்றார் மாப்பிள்ளை. “தையும்.”

ஒரு மாதம் கழித்து மண்டபத்தில் மச்சாள் முன்வரிசையில் இருந்தார். நான் உள்ளே போய்க் கூறை மாற்றிக்கொண்டு மணவறைக்குத் திரும்பினேன். போட்டிருந்த பிளவுஸ் நான் சாவகச்சேரியில் தைப்பித்தது. மார்பளவு நாற்பத்திரண்டு அங்குலம்.