தாவிப் போன டோக்கன்

ஒன்பது வருடம் பிள்ளை வளர்ப்பிலேயே போய், நாற்பதைத் தாண்டித் திரும்ப வேலைக்கு வந்தவளுக்கு அலுவலகத்தில் ‘மறுபதிப்பு’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். ஆனால் எழுதிய புரோகிராமில் கோளாறு என்றால், மற்றவர்களுக்கு முந்தி அவளே தன்னைச் சந்தேகப்படுவாள்.

அந்த வாரமும் அப்படித்தான். மருத்துவமனை வரவேற்பறையில் டோக்கன் கொடுக்கும் இயந்திரத்துக்கு அவள் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தாள். பொத்தானை அழுத்தினால் அடுத்த எண் வர வேண்டும், அவ்வளவுதான். தனியாக ஓடவிட்டால் ஏழு, எட்டு, ஒன்பது என்று சமர்த்தாக வந்தது. எழுதுகிற எடிட்டரிலேயே பிழை தேடுவதற்கென்று ஒரு டிபக்கர் உண்டு. அதில் வரிவரியாக நிறுத்திப் பார்த்தால் மட்டும் ஏழுக்கு அடுத்தது ஒன்பது. சில சமயம் பத்து.

“தனியா ஓடும்போது சரியா இருக்குல்ல, விட்டுடுங்க” என்றார் மேலாளர்.

“நாளைக்கு ஒரு நோயாளியோட எண் தாவிப்போச்சுன்னா?”

மூன்று நாள் தலைகீழாக நின்றும் பிடிபடவில்லை. சனிக்கிழமை சாப்பாட்டு மேசையிலேயே கணினியைத் திறந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலியில் நாத்தனார், பிள்ளைகளின் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். கடைவீதியில் தையல்கடை வைத்திருப்பவள். கல்யாணமான புதிதில் அந்தக் கண்ணில் படாமல் இவள் ஒதுங்கிப் போவாள். ஒரு நூல் பிசகினாலும் அதில் மாட்டும்.

“ஏம்மா, அந்த அம்புக்குறியை எழுத்து மேல வச்சா ஒரு சின்னப் பெட்டி திறக்குதே, அது எதுக்கு?”

“அந்த இடத்துல என்ன எண் இருக்குன்னு காட்டும் அண்ணி. பார்க்கறதுக்கு மட்டும்தான்.”

“பார்க்கறதுக்கு மட்டும்னா எண் ஏன் ஏறுது? பெட்டி திறக்கறப்பல்லாம் ஒண்ணு ஏறுது. மூணு தடவை எண்ணிட்டேன்.”

இவள் மவுஸை ஓரமாகத் தள்ளிவிட்டு ஓட்டினாள். எட்டு வந்தது. திரும்ப எழுத்தின் மேல் வைத்தாள். பெட்டி திறந்தது, எண் தாவியது. இருக்கிற எண்ணைக் காட்ட வேண்டிய டிபக்கர், காட்டும் சாக்கில் ‘அடுத்த எண்ணைக் கொடு’ என்ற கட்டளையையே ஓட்டிக்கொண்டிருந்தது. யோசிக்கும்போதெல்லாம் மவுஸை அதே வரியில் விட்டுவைப்பது இவள் பழக்கம். சந்தேகம் தீர, பத்தே வரியில் வேறொரு புரோகிராம் எழுதிப் பார்த்தாள். அதிலும் அதே கூத்து.

“என் தப்பு இல்ல அண்ணி” என்றாள்.

“தையல் கோணினா நான் துணியையும் பார்ப்பேன், மெஷினையும் பார்ப்பேன். நீ மூணு நாளா துணியையே திட்டியிருக்கே.”

அன்றைக்கே அந்தப் பத்து வரியை இணைத்து, எடிட்டரை உருவாக்கியவர்களுக்கு எழுதிப் போட்டாள். இரண்டு நாளில் பதில் வந்தது: தவறு எங்களுடையதுதான், அடுத்த பதிப்பில் சரிசெய்கிறோம், நன்றிப் பட்டியலில் யார் பெயரைப் போடலாம்? இவள் இரண்டு பெயர் அனுப்பினாள், நாத்தனார் பெயரை முதலில்.

புதிய பதிப்பு வந்த அன்று ஃபோன் போட்டாள்.

“அண்ணி, சரி பண்ணிட்டாங்க. உங்க பேரு போட்டிருக்காங்க.”

“அப்படியா. பிள்ளைங்க சாப்பிட்டாங்களா?”

நன்றி என்று சொல்லத்தான் கூப்பிட்டாள். பதினைந்து வருஷப் பழக்கத்தில் அந்தச் சொல் மட்டும் வாயில் வரவில்லை. “ஞாயித்துக்கிழமை இங்க வந்துடுங்க அண்ணி” என்றாள்.

“வர்றேன். ஆனா பொத்தான் தைக்கச் சொல்லக் கூடாது.”