பச்சை டிக்

மலேசியாவின் ரவாங்கில் கடைவீட்டு மாடியில் எங்கள் ஆபீஸ். லோகேஸ்வரி கைப்பேசிச் செயலிகளை எழுதுகிறவள். நான் ரமணி, அவற்றைச் சோதித்துக் குறை சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள். இந்தக் கதையில் எனக்கும் பங்கு உண்டு. அந்த வயிற்றெரிச்சலில்தான் சொல்கிறேன்.

அவள் அப்பா பெயர் ஐயாவு. அவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். புக்கிட் பெலிம்பிங் வீட்டிலிருந்து கூட்டிப்போக வேன் வரும். அதைக் கூப்பிடும் செயலி எங்களுடையது. நோயாளி பட்டனை அமுக்கினால் ஓட்டுநர் திலீப்பின் போனில் மணி அடிக்கும். அமுக்காதவர் வீட்டுக்கு வேன் போகாது. நம்பாத சிலர் திலீப்புக்குப் போனும் போடுவார்கள். ஐயாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். "எம்பொண்ணு செஞ்சதுயா! அமுக்குனா வரும்லா. எதுக்கு போனு?"

கண் மங்கி, அமுக்கியதும் திரையில் வரும் சின்ன டிக் தெரியவில்லை என்றார். அவருக்காகவே லோகேஸ்வரி பழைய திரையை வைத்துப் புதிதாக ஒன்றைச் செய்தாள். உள்ளங்கை அகலத்தில் பச்சை டிக். பழைய திரையின் வேலையெல்லாம் புதியதற்குத் தானாக வந்துவிடும். ஆனால் நோயாளியின் 'இருப்பிடம் கிடைத்தது' என்று போன் செயலிக்குச் சொல்லும் இடத்தில், பழைய கட்டளையின் பெயரிலேயே தன் டிக்கை எழுதினாள். அப்படி எழுதினால் பழையது ஊமையாகிவிடும். அதையும் கூப்பிட ஒரு வரி வேண்டும், அதை விட்டுவிட்டாள். திலீப்புக்குத் தகவல் அனுப்புவது அந்தப் பழையதுதான். பிழை என்று எங்கும் காட்டவில்லை. நானும் டிக்கைப் பார்த்துச் 'சரி' போட்டேன். மூதேவி நான், மணி அடித்ததா என்று திலீப்பை ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?

சனிக்கிழமை காலை ஐயாவு அமுக்கினார். டிக் வந்தது. ரோட்டோரம் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்தார். வேன் வரவில்லை.

"திலீப்புக்கு ஒரு போன் போடுங்க மாமா," என்றாளாம் பக்கத்து வீட்டு மாலா.

"அதான் டிக் வந்துருச்சேம்மா."

டயாலிசிஸ் தவறிப்போய், ஞாயிறன்று மூச்சு முட்டி ஆஸ்பத்திரி. வார்டு வாசலில் மடிக்கணினியோடு உட்கார்ந்து லோகேஸ்வரி தேடித் தேடிக் கண்டுபிடித்தாள். "ஒரே ஒரு வரிக்கா," என்று அழுதாள். எனக்கும் அழுகை வந்தது.

ஐயாவு பிழைத்துக்கொண்டார். அவள் வரியைச் சேர்த்தாள். இந்த முறை திலீப்பின் போனைக் கையில் வைத்துக்கொண்டு பத்துத் தரம் சோதித்தேன். பத்துத் தரமும் மணி அடித்தது.

அடுத்த சனிக்கிழமை காலை ஆபீஸில் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். எல்லோரும் அமுக்கியிருந்தார்கள். ஐயாவு பெயர் மட்டும் இல்லை. லோகேஸ்வரி பதறிப் போன் போட்டாள்.

"அப்பா, பட்டன அமுக்கலையா?"

"திலீப்புக்கு போன் போட்டுட்டேன்மா. வேன்லதான் இருக்கேன். நீ வேலையப் பாரு."

குரலில் கோபமே இல்லை. திட்டித் தொலைத்திருக்கலாம் அந்த மனுஷன்.