நேற்று நாடகம்

1966 மே 9, திங்கட்கிழமை, காலை எட்டரை மணி. மாட்டுங்காவில் ஒரு பள்ளிக்கூட ஹாலின் வாசலில், குழந்தைகளை வரவேற்க நின்றிருந்தேன்.

கோடை விடுமுறைக்கு ஒரு பகல் முகாம் — குழந்தைகள் வாயில் 'கேம்ப்' — மாதர் சங்கம் ஒன்று இந்த ஆண்டு தொடங்கியிருக்கிறது. காலையில் விட்டுவிட்டு மாலையில் அழைத்துப் போகலாம். பாட்டு, படம் வரைதல், மதியம் தயிர்சாதம். பள்ளிக்கூடம் மூடினாலும் ஆபீஸ் மூடுவதில்லையே... வேலைக்குப் போகும் தாய், பிள்ளையை எங்கே விடுவாள்? அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டா போவாள்?

இலக்கியம் படிக்கும் கல்லூரி மாணவியான எனக்கு அங்கே என்ன வேலை என்கிறீர்களா? அப்பாவை நாகபுரிக்கு மாற்றிவிட்டார்கள். நான் படிப்புக்காகச் செம்பூரில் பேயிங் கெஸ்ட். அறைத்தோழியும் விடுமுறைக்குப் போய்விட்டாள். ஒருநாள் இரவு விளக்கை அணைக்கும்போது யோசித்துப் பார்த்தேன்: அன்று முழுவதும் நான் வாய் திறந்து சொன்னது, பால்காரரிடம் ஓர் 'அச்சா' மட்டும்தான். மறுநாளே முகாமில் உதவிக்குச் சேர்ந்துவிட்டேன்.

முதல் நாள் கடைசியாக ஓடிவந்தவர்கள் தாராவியிலிருந்து ஓர் அம்மாவும் எட்டு வயது மகளும். மகள் பெயர் செல்வி. அம்மா ஒரு நர்ஸிங் ஹோமில் ஆயா.

"கொஞ்சம் பாத்துக்கிடுங்க டீச்சர். பள்ளிக்கொடத்துக்கு சுட்டி விட்டாலும் விட்டான், எனக்கு உசுரு போவுது. நமக்கு ஏது சுட்டி? சேட்டை பண்ணுனா ரெண்டு போடுங்க!"

பம்பாய்த் தமிழில் 'சுட்டி' குறும்புக்காரக் குழந்தையன்று, விடுமுறை. அந்தக் குழந்தையோ இரண்டு பொருளிலும் சுட்டி.

"அக்கா, நேத்து எங்கம்மை எனக்கு ரிப்பன் வாங்கித் தருவா."

"நேற்று தந்தாளா, நாளைக்குத் தருவாளா?"

"ரெண்டும் கல்தானே!"

இந்தியில் நேற்றுக்கும் நாளைக்கும் 'கல்' என்று ஒரே சொல். சந்தில் இந்தியும் வீட்டில் திருநெல்வேலித் தமிழும் பேசும் பெண்ணுக்கு, ஒன்று போதுமான இடத்தில் இரண்டு எதற்கு என்றே விளங்கவில்லை. நான் காலங்களை விளக்கத் தொடங்கினேன்.

"தருவான்னு சொன்னா இன்னும் தரலன்னு தெரியாதாக்கும்? வெவரமே இல்ல ஒங்களுக்கு."

மறுக்க முடியுமா? வினைச்சொல்தான் காலத்தைச் சொல்லிவிடுகிறதே.

முகாம் ஐந்து மணிக்கு முடியும். செல்வியின் அம்மா வர ஆறாகும். அந்த ஒரு மணி நேரம் செல்வியும் நானும் மட்டும். முற்றத்தில் சாக்குக்கட்டியால் கட்டம் போட்டுப் பாண்டி ஆடுவோம். நீதிபதியும் அவளே. "கோட்ட மிதிச்சிட்டிய, அவுட்டு!"

முகாமை நடத்தும் மாமி தினமும் கேட்பார்: "ஏம்மா, நோக்கு ஆத்துக்குப் போக வேண்டாமா?" குழந்தைக்குத் துணையாக இருக்கிறேன் என்பேன். யார் யாருக்குத் துணை?

ஒருநாள் செல்வி ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கேட்டாள்:

"அக்கா, ஒங்கள கூட்டிட்டுப் போவ யாரு வருவா?"

"நானே போய்க்கொள்வேன்."

"அய்யோ, பாவம்!" என்றாள். பிறகு என் முறை வந்தபோது கோட்டை மிதித்தேன். அவள் பார்க்காதது போல் இருந்துவிட்டாள்.

முகாமின் கடைசி நாளான சனிக்கிழமை நாடகம். அதில் செல்விதான் ரயில் கார்டு. கையில் பச்சைக்கொடி, வாயில் விசில். 'எல்லாரும் ஏறியாச்சா?' என்று கேட்டு விசில் ஊதினால் வண்டி கிளம்பும், நாடகம் முடியும். அவளுக்கு ஒரே கவலைதான்: அம்மா பார்க்க வேண்டும்.

வெள்ளி மாலை நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே ஜன்னல் வழியாகப் பார்த்தேன். செல்வி துள்ளிக்கொண்டு எதையோ சொன்னாள். அம்மாவின் முகம் வாடியது. வேலைக் களைப்பு என்று நினைத்தேன்.

சனிக்கிழமை ஹால் நிறைந்திருந்தது. அந்த அம்மாவைக் காணவில்லை. மேடையில் பிள்ளைகள் ஒருவர் பின் ஒருவராக ரயிலாகிவிட்டார்கள். "எல்லாரும் ஏறியாச்சா?" என்றாள் செல்வி. விசில் வரவில்லை. வரிசை வரிசையாகத் தேடினாள்.

"ஊதுடி கண்ணு!" என்றார் மாமி, திரைக்குப் பின்னாலிருந்து.

"எங்கம்மை இன்னும் ஏறல."

ஹால் சிரித்தது. நல்ல வசனம் என்று கைதட்டவும் செய்தார்கள். மாமி திரையை இழுத்து மூடினார்.

ஆறு மணிக்கு அம்மா வந்தாள். மகளின் உதட்டுச் சாயத்தைப் பார்த்துத் திகைத்தாள்.

"என்னட்டி வேஷம்? நாடகம் நேத்துன்னுல்லா சொன்ன?"

"ஆமா, நேத்துதான்! இன்னைக்குத்தான்!"

அம்மா என்னிடம் திரும்பினாள். "'நேத்து நாடகம், நாந்தான் கார்டு'ன்னா டீச்சர். நடந்து முடிஞ்சு போச்சு, நமக்குப் பாக்கக் குடுத்து வைக்கலன்னு நெனச்சிட்டேன். கேட்டிருந்தா மேட்ரன் சுட்டி குடுத்திருப்பாவ... கேக்கவே இல்ல."

'நேத்து நாடகம்.' இந்த முறை வினைச்சொல்லை விட்டுவிட்டிருக்கிறாள்.

செல்வி அழவில்லை; தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ஹாலின் படியில் ஏறி நின்றாள்.

"ஏறிட்டேன்ட்டி. ஊது."

அந்த விசில் சத்தத்தில் மாமி உள்ளிருந்து ஓடிவந்தார். "யாரது? வண்டி அப்பவே போயாச்சே!"

செல்வி கொடியை இறக்காமல் என்னைப் பார்த்தாள். "அக்கா, நீங்க ஏறலியா?"

"நான் அடுத்த வண்டியில் வருகிறேன்."

கேட்டைத் தாண்டும்போது திரும்பிக் கத்தினாள்: "நேத்து பாப்போம் அக்கா!"

நான் திருத்தவில்லை. காத்திருக்க ஆள் இல்லாதவர்களுக்கு நேற்றும் நாளையும் ஒரே மாதிரி இருக்கின்றன. இந்திக்காரர்கள் இரண்டுக்கும் ஒரு சொல் வைத்ததில் என்ன தவறு?

மறுநாள் காலை அதே எட்டரை மணிக்கு மாட்டுங்காவில் நின்றேன். "ஆஜ் சுட்டி ஹை, மேம்சாப்" என்று வாட்ச்மேன் சிரித்தார். எதையோ மறந்து வைத்துவிட்டதாகச் சொல்லி உள்ளே போனேன். முற்றத்தில் சாக்குக்கட்டிக் கட்டங்கள் அழியாமல் இருந்தன. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, புடவையைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டினேன்.

கோட்டை மிதித்துவிட்டேன். அவுட் என்று சொல்ல ஆளில்லை.