எங்கள் வீட்டில் சிரித்தவர்

எங்கள் சமையலறையில் கிரைண்டர் திரும்பித்தான் நிற்கிறது. சுவிட்ச் சுவரைப் பார்த்து, கம்பெனி பேர் எழுதிய பக்கம் ஹாலைப் பார்த்து. மாவு ஆட்ட வேண்டுமென்றால் கையைப் பின்னால் விட்டுத் துழாவித்தான் சுவிட்சைப் போட வேண்டும். மருமகள் வந்த முதல் வாரமே கேட்டாள். "ஏனுங்கத்தை, இதத் திருப்பி வெச்சா என்னங்க?" நியாயமான கேள்வி. திருப்பி வைத்தால் பேர் தெரியாதே என்று சொல்ல வாயெடுத்தேன். இனிமேல் யாருக்குத் தெரிய வேண்டும் என்று எனக்கே விளங்காமல், கையைப் பின்னால் விட்டுச் சுவிட்சைப் போட்டேன்.

அது டிவியில் நடித்த கிரைண்டர். அதோடு சேர்ந்து நானும் நடித்தேன்.

அந்த நாளில் கோயமுத்தூரில் உள்ளூர் கேபிள் சேனல்கள் நாலைந்து இருந்தன. அதில் ஒன்றுக்கு ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடையின் மாடியில் ஆபீஸ். ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணி நேரம் ஒரு சிரிப்புத் தொடர் போடலாம் என்று அவர்களுக்குத் தோன்றியது. டைரக்டர் என்று வந்தவர் கல்யாண வீடியோ எடுப்பவர். நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடத்தின் ஆண்டு விழாவைப் படம் பிடிக்க வந்தபோது, காய்ச்சலில் படுத்துவிட்ட ஒரு பிள்ளைக்குப் பதிலாக நான் மேடையேறி ராட்சசியாகக் கத்தியதைப் பார்த்திருக்கிறார். "டீச்சர், உங்களுக்குக் கோபம் நல்லா வருதுங்க" என்றார். அதுவரைக்கும் என்னை அப்படி யாரும் பாராட்டியதில்லை. ஒத்துக்கொண்டேன்.

கதை சின்னதுதான். எல்லாம் தெரிந்த மாதிரி வீட்டுச் சாமான்களைப் பிரித்துப் போட்டு ரிப்பேர் பார்க்கிற ஒரு வீட்டுக்காரர், அவரைக் கட்டி மேய்க்கிற பெண்டாட்டி. வீட்டுக்காரராக நடித்தவர் பெரியநாயக்கன்பாளையத்தில் மோட்டார் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வைத்திருந்தார். வாரத்துக்கு ஒரு சாமான் அவர் கையில் உயிரை விடும். ஒரு வாரம் மின்விசிறி, ஒரு வாரம் மிக்சி, இன்னொரு வாரம் பக்கத்து வீட்டுக்காரரின் பல்செட். செட் போட வசதியில்லாததால் கவுண்டம்பாளையத்தில் இருந்த எங்கள் வீட்டிலேயே படம் பிடித்தார்கள்.

தொடருக்கு விளம்பரம் கொடுத்தவர் ஒரு கிரைண்டர் கம்பெனிக்காரர். டிவியில் வருகிற வீட்டில் தன் கிரைண்டர்தான் இருக்க வேண்டும் என்று புதிதாக ஒன்றை இறக்கி, பேர் கேமராவுக்குத் தெரிகிற மாதிரி தன் கையாலேயே திருப்பி வைத்தார். அவர் போட்ட விதிகள் இரண்டு. ஒவ்வொரு வாரமும் வீட்டுக்காரர் ஒரு தடவையாவது "மாவு ஆட்டியாச்சுங்ளா அம்மணி?" என்று கேட்க வேண்டும். வீட்டில் எது வேண்டுமானாலும் கெட்டுப் போகலாம், கிரைண்டர் மட்டும் கெடக் கூடாது. சிரிப்புத் தொடரில் கெடாத சாமானை வைத்துக்கொண்டு என்ன செய்வது? டைரக்டர் தலையில் கை வைத்தார். கடைசியில் அதையே சிரிப்பாக்கினோம். ஊரே கரண்ட் இல்லாமல் இருக்கும் காட்சியிலும் எங்கள் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கம்பெனிக்காரருக்கு அதில் பெருமைதான். படப்பிடிப்புக்கு வந்தால் ஒரு மூலையில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார். "அம்மணி, போன வாரம் மாவு ஒரு சொட்டு வழிஞ்ச மாதிரி இருந்துச்சுங்க. கொஞ்சம் பாத்துக்குங்க" என்பார், அத்தனை மரியாதையாக. கிரைண்டரைத் தவிர வேறு யாரையும் அவர் நிமிர்ந்து பார்த்ததில்லை.

இனி என் வீட்டுக்காரரைச் சொல்ல வேண்டும். நிஜமானவரை.

பம்ப் கம்பெனியில் ஃபிட்டர். நாலு பேர் நடுவில் வாயைத் திறக்க மாட்டார். ஆனால் சிரிப்பு வந்துவிட்டால் அவர் கையில் இல்லை. முதலில் நெஞ்சுக்குள்ளிருந்து இழுப்பு மாதிரி ஒரு சத்தம் வரும். தெரியாதவர்கள் ஆஸ்துமா என்று பயந்துவிடுவார்கள். அப்புறம் ஒரு நொடி ஒன்றும் இருக்காது. அதற்கப்புறம் மடை திறந்துகொள்ளும். முதல் நாள் படப்பிடிப்பில் மூன்று காட்சிகளை இப்படிக் கெடுத்தார். டைரக்டர் கெஞ்சிப் பார்த்துவிட்டுப் பின்னால் துணி துவைக்கிற இடத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அங்கிருந்தும் கேட்டது. சலித்துப்போய் அப்படியே எடுத்துக்கொண்டு போனவர், மறுநாள் போன் பண்ணினார். "டீச்சர், அண்ணன் சிரிக்கற எடத்துல எல்லாம் எனக்கும் சிரிப்பு வருதுங்க. அடுத்த வாரம் மைக்குக்குக் கீழ உக்காரச் சொல்லுங்க."

பெரிய சேனல்களில் எல்லாம் மெஷினில் பதிந்து வைத்த சிரிப்பைத்தான் போடுவார்கள். எங்கள் தொடருக்குச் சிரித்தது அவர் ஒருத்தர்தான். அவர் சிரிக்கவில்லை என்றால் வசனத்தை மாற்றி எழுதுவார்கள். கண்ணாலம் கட்டி அத்தனை வருஷத்தில் என்னை நேருக்கு நேர் ஒரு வார்த்தை புகழ்ந்ததில்லை இந்த மனுஷன். கேமராவுக்குப் பின்னால் உட்கார்ந்து நான் சொன்னதற்கெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ரொம்ப சந்தோஷமாக இருந்தேன்.

அந்த வருஷக் கடைசியில் பம்ப் கம்பெனியில் அவரை ஓசூருக்கு அனுப்பினார்கள். புதுத் தொழிற்சாலையில் மெஷின் இறக்கிக் கொடுக்கிற வேலை. சனிக்கிழமை சாயங்காலம் வருவார், ஞாயிற்றுக்கிழமை படப்பிடிப்பு முடிந்ததும் பஸ் ஏறிவிடுவார். வார நாளில் எங்கள் வாசலில் அவருடைய வண்டி இல்லை, அது பஸ் ஸ்டாண்டில் கிடந்தது. ஒத்திகைக்கு வருகிற ஸ்பேர் பார்ட்ஸ்காரரின் ஸ்கூட்டர் இருந்தது. இது போதாதா?

உள்ளூர் வாரப் பத்திரிகை ஒன்றில் கட்டம் கட்டிப் போட்டார்கள். பேர் கிடையாது, கிசுகிசுவுக்கு ஏது பேர். மாவாட்டும் டீச்சரம்மாவின் நிஜ வீட்டுக்காரர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாராம், நிழல் வீட்டுக்காரரின் ஸ்கூட்டர்தான் இப்போது வாசலில் நிற்கிறதாம். அதைப் படித்ததும் நான் சிரித்தேன். நம்மையும் பெரிய நடிகை என்று மதித்து எழுதுகிறார்களே என்று கொஞ்சம் பெருமைகூட. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று விட்டுவிட்டேன்.

வேறு ஊராக இருந்தால் யாராவது நேருக்கு நேர் கேட்டிருப்பார்கள். நானும் நாலு போடு போட்டு அனுப்பியிருப்பேன். எங்கள் ஊரில் அப்படியெல்லாம் கேட்க மாட்டார்கள். மனசு நோகும்படி ஒன்றைக் கேட்டுவிடக் கூடாது என்று, கேட்க வேண்டியதையும் சேர்த்து விழுங்கிவிடுவார்கள். எங்கள் பக்கத்தில் கல்யாணமான பெண்ணைப் பார்த்தால் அவள் வீட்டுக்காரரைப் பற்றிக் கட்டாயம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "அண்ணன் சௌக்கியங்ளா?" பால்காரம்மா கேட்பாள், ரேஷன் கடையில் கேட்பார்கள். அந்தக் கேள்வி நின்றுபோனது. முதலில் எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பதிலாக வீட்டுக்கு முருங்கைக்காய் வர ஆரம்பித்தது, எலுமிச்சை ஊறுகாய் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு "தைரியமா இருங்கக்கா" என்றாள். எதற்கென்று கேட்டால் "சும்மாதானுங்க" என்கிறாள். கேட்காத கேள்விக்கு நான் எப்படிப் பதில் சொல்வது?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பல்லடத்திலிருந்து ஒரு தம்பதி கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தார்கள். அவர்களுடைய பெண் என்னிடம் மூன்றாம் வகுப்பு படித்தவள். அப்புறம் தறி போட்டுக்கொண்டு பல்லடம் பக்கம் போய்விட்ட குடும்பம். நான் குளித்துக்கொண்டிருந்தேன். கதவைத் திறந்தது என் வீட்டுக்காரர். அவர்கள் இவரை முன்னே பின்னே பார்த்ததில்லை. ஹாலில் விளக்குக் கம்பிகளும் ஒயர்களும் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "டீச்சர் இருக்காங்ளா? நீங்க சூட்டிங்காரருங்களா?" என்று கேட்டிருக்கிறார்கள். இவர் "ஆமாங்க" என்று சொல்லி உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்.

நான் வந்ததும் வெற்றிலை பாக்குத் தட்டில் பத்திரிகையை வைத்து, குங்குமம் கொடுத்து, "டீச்சர், நீங்க அவசியம் வந்துரோணுங்க" என்றார்கள். ரெண்டு பேரும் வந்துரோணும், குடும்பத்தோட வந்துரோணும் என்றுதான் எங்களில் அழைப்பார்கள். நீங்க என்று தனியாக ஒரு ஆளை அழைப்பது தாலியறுத்தவளைத்தான். இவர் தண்ணீர்ச் சொம்போடு பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இவர் யாரென்று நான் சொல்வதற்குள் அவர்கள் கும்பிட்டுவிட்டு வாசலில் இறங்கிவிட்டார்கள். அவர்கள் போன பிறகு இவர் சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

அன்றைக்கு மத்தியானம் மைக்குக்குக் கீழே வழக்கம்போல உட்கார்ந்தார். சிரிக்கவில்லை. டைரக்டர் வசனத்தை மாற்றினார், மறுபடி மாற்றினார். ஸ்பேர் பார்ட்ஸ்காரர் வாளியில் கால் வைத்து வழுக்கி நிஜமாகவே விழுந்தார். இவர் எழுந்து போய் அவரைத் தூக்கிவிட்டுத் திரும்ப வந்து உட்கார்ந்தார். அடுத்த வாரம் படப்பிடிப்பு நேரத்தில் டீக்கடைக்குப் போய்விட்டார். அந்த இரண்டு வாரத் தொடரைப் பார்த்தால் எழவு வீடு மாதிரி இருக்கும். எனக்குத் தொடர் போனால் போகிறது. அந்தச் சிரிப்பு இனிமேல் வராதோ என்றுதான் பயமாக இருந்தது. வீட்டிலும் அவர் சிரிக்கவில்லை.

"நான் நிறுத்திக்கறேனுங்க" என்றேன் ஒரு நாள்.

"வேண்டாம் அம்மணி" என்றார். "நிறுத்துனா நெசம்னு ஆயிரும்."

கல்யாணத்துக்கு இரண்டு பேருமாகவே போனோம். நான்தான் பிடிவாதம் பிடித்து வெள்ளை வேட்டி கட்ட வைத்துக் கூட்டிப் போனேன். மண்டபத்தில் பெண்ணின் அப்பா ஓடி வந்தார். "வாங்க டீச்சர்" என்று முன்வரிசை சோபாவில் என்னை உட்கார வைத்தார். இவரைப் பார்த்துக் கும்பிட்டு, "நீங்க வாங்க, உங்காளுக எல்லாம் அங்கதான் இருக்காங்க" என்று மரியாதையாக அழைத்துக்கொண்டு போய் வீடியோக்காரர்களுக்குப் பக்கத்தில், விளக்குக் கம்பத்தடியில் ஒரு நாற்காலி போட்டுக் கொடுத்தார். இவரும் போய் உட்கார்ந்துகொண்டார். எனக்கு வந்த கோபத்துக்கு மண்டபத்தையே இரண்டாக்கியிருப்பேன். எழுந்தும் விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தாய்மாமன் சீர் வந்தது. முன்னால் மேளம், பின்னால் தட்டுத் தட்டாகப் பெண்கள், கடைசியில் இரண்டு பேர் தூக்கி வந்தது ஒரு கிரைண்டர். தாய்மாமன் வேறு யாருமில்லை, எங்கள் கிரைண்டர் கம்பெனிக்காரர்தான். தலையில் உருமாலை, தோளில் மாலை. சீரை மேடையில் பரப்பினார்கள். மேளம் நின்றது. மாமன் பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டுகிற நேரம். சடங்கு நடத்துகிற அருமைக்காரர் கூப்பிடுகிறார், "மாமன் வாங்க." மாமனைக் காணோம். பார்த்தால் அவர் கிரைண்டருக்கு முன்னால் குந்திக்கொண்டு, உருமாலை சரியச் சரிய, பேர் வீடியோவுக்குத் தெரிகிற மாதிரி அதைத் திருப்பிக்கொண்டிருக்கிறார்.

விளக்குக் கம்பத்தடியிலிருந்து அந்த இழுப்புச் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு நொடி ஒன்றும் இல்லை. அப்புறம் மண்டபம் முழுக்க அந்தச் சிரிப்பு.

எல்லாத் தலையும் திரும்பியது. என் பின்னால் இருந்த அம்மா பக்கத்திலிருந்தவளிடம், "ஞாயித்துக்கெழம டிவியில சிரிக்கறது இவருதானுங்க" என்றாள். வரிசை வரிசையாக அந்தப் பேச்சு போனது. பெண்ணின் அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க டீச்சர், இவரு..." என்று இழுத்தார். இத்தனை நாளில் கேட்ட ஒரே ஆள். அதுவும் பாதிக் கேள்விதான்.

"எங்க ஊட்டுக்காரருங்க" என்றேன். மண்டபத்துக்கே கேட்கும்படிதான் சொன்னேன், ராட்சசிக் குரலில். "வாராவாரம் எங்க ஊட்ல உக்காந்து சிரிக்கறது இவருதானுங்க."

பெண்ணின் அப்பா மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் எதற்கென்று சொல்ல வேண்டுமே. போய் இவர் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார வைத்தார். முதல் பந்தியில் எங்களை உட்கார வைத்துத் தானே பரிமாறினார். இவர் போதும் போதும் என்று இலையை மறைக்க மறைக்க, "இன்னொண்ணுங்க மாப்ள" என்று ஒப்புட்டை வைத்து நெய்யை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

வெளியே வரும்போது பெண்ணின் அம்மா தேங்காய்ப் பை கொடுத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "அண்ணன் சௌக்கியங்ளா?" என்று கேட்டாள். அண்ணன் எனக்கு அரை அடி தள்ளி நின்று பல் குத்திக்கொண்டிருந்தார். சௌக்கியம் என்று சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

அந்த சேனல் மூடி வெகுநாளாகிறது. அந்த கிரைண்டர் மாடலும் இப்போது வருவதில்லை. போன மாதம் மருமகள் போனைக் கொண்டுவந்து காட்டினாள். எங்கள் தொடரில் ஒரு துண்டை யாரோ யூடியூபில் போட்டிருக்கிறார்கள். நான் ஒல்லியாக இருக்கிறேன். பின்னால் கிரைண்டர் பேர் பளிச்சென்று தெரிகிறது. அதற்கும் பின்னால் அந்தச் சிரிப்பு. கீழே ஒரு பையன் எழுதியிருந்தான், காமெடி ஓகே, அந்தச் சிரிப்பு மெஷினை மட்டும் நிறுத்தியிருக்கலாம் என்று.

இவருக்கு இப்போது காது கொஞ்சம் மந்தம். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்ச் சத்தமாகச் சொன்னேன். "ஏனுங்க, சிரிக்கற மிசினை நிறுத்தச் சொல்றாங்க."

கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்தார்.

"அதெப்படி அம்மணி நிறுத்தறது? நிறுத்துனா நெசம்னு ஆயிருமல்ல" என்றார். நெஞ்சுக்குள்ளிருந்து அந்த இழுப்பு வந்தது. நான் காத்திருந்தேன்.