யோகமலரின் ‘லும்’

“ஒண்டு காணும், அன்ரி. சோடி வேண்டாம்” என்று சொல்லியபடியே, தந்த சப்பாத்துகளில் ஒன்றைத் திருப்பி அந்த அம்மாவின் கையிலேயே திணிக்கிறார் யோகமலர். மிச்ச ஒற்றையை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று அந்த அம்மா முழிக்கிறார். ஊர்விட்டு வந்த எங்கள் சனம் குடியிருக்கும் அஜின்கோர்ட்டில் தியாகலிங்கத்தின் பலசரக்குக் கடை வாசலில் சனிக்கிழமைதோறும் இந்தக் கூத்துத்தான். பக்கத்தில் ஒரு மட்டைப்பெட்டி. அதில் கொட்டை எழுத்தில், ‘யார் புதைத்தாலும் மிதிவெடி வேண்டாம்.’

வருகிற டிசம்பரில் ஒட்டாவாவில் நாடுகள் கூடி மிதிவெடியைத் தடைசெய்து கையெழுத்திடப் போகின்றனவாம். காலிழந்தவர்களுக்காக அங்கே ஒற்றைச் சப்பாத்துகளைக் குவிக்க வேண்டுமென்று, பார்க்டேலில் ஒரு தேவாலயத்தின் நிலவறையில் கூடும் வெள்ளைக்காரக் கிழவிகள் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். இளவயதில் அணுகுண்டுக்கு எதிராகத் தெருவில் இறங்கியவர்கள். அவர்களோடு எங்கள் ஆள் எப்படி ஒட்டினார் என்பதுதான் சனத்தின் சந்தேகம். எனக்கும்தான். வேலைவெட்டி உள்ள மனுசி சும்மா சப்பாத்துச் சேர்ப்பாரா?

ஒற்றைச் சப்பாத்து செய்வினைக்குத்தான் என்று முடிவுகட்டி, பக்கத்து வீட்டு இராஜேஸ்வரி அன்ரி தன் வாசலில் கிடந்த சப்பாத்தையெல்லாம் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். மதம் மாற்ற வந்தவர் என்றார் இன்னொருவர். ஊர் அரசாங்கத்துத் தூதரகத்தின் ஆள் என்று ஒரு கதை, இயக்கத்தின் ஆள் என்று மறுகதை. காலையில் ஒன்றும் மாலையில் மற்றதுமாக, இரண்டையும் ஒரே வாயால் சொன்னவர்களும் உண்டு. கேட்டால் யோகமலர், “ஒருத்தரும் அனுப்பேல்லை, நானாத்தான்” என்பார். யார் நம்புவது?

உளவு பார்க்கிற நினைப்போடு அவருடைய வேலையிடத்துக்கும் போனேன். வெக்ஸ்போர்ட்டில் ஒரு உடுப்புச் சலவைக் கடையின் பின்னறை. காற்சட்டைகளைக் கட்டையாக்கித் தைப்பது தொழில். வாயில் எப்போதும் நாலைந்து குண்டூசிகள் இருப்பதால் பேச்சுக் குறைவு. நான் என்ன சொன்னாலும் “அதுவும் சரிதான்” என்று பல்லிடுக்கால் சொல்லிவிட்டுத் தையலில் குனிந்துவிடுவார். எனக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வரும். மேசை ஓரத்தில் அவருடைய கணவரின் காற்சட்டைகள் கிடந்தன. எல்லாவற்றிலும் வலதுகால் முழங்காலோடு மடித்துத் தைத்திருந்தது.

விட்டேனா? அது யார் புதைத்த வெடி என்று துருவித் துருவிக் கேட்டேன். குண்டூசிகளை வெளியே எடுத்தார்.

“தெரியாது, தங்கச்சி. வெடிச்சது எங்கட காணிக்குள்ள.”

தெரியாமல் இருக்குமா? மனுசி மறைக்கிறார் என்றே நினைத்துக்கொண்டு வந்தேன்.

ஐப்பசிக் கடைசிச் சனிக்கிழமை தியாகலிங்கம் கடையை விட்டு வெளியே வந்தார். கூடாத மனுசன் இல்லை. ஆனால் அந்தப் பெட்டியைப் பற்றி மிரட்டல் ரெலிபோன் அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தன. வாங்க வந்த சனம் மரக்கறிப் பைகளோடு சுற்றி நின்றது.

“பிள்ளை, ‘யார் புதைத்தாலும்’ எண்டதில அந்த ‘லும்’மை எடுத்துப்போட்டு ‘ஆமி புதைச்ச’ எண்டு எழுதும். நானே பெட்டியை நிரப்பித் தாறன். இல்லாட்டி இதில நிக்க ஏலாது.”

அந்த வாசல் போனால் எங்கள் சனத்தின் சப்பாத்து ஒட்டாவாவுக்குப் போகாது. அது யோகமலருக்கு வடிவாய்த் தெரியும். ஊரில் சண்டை நடக்கிற நேரத்தில் ஒரு ‘லும்’ போட்டால் இரண்டு பக்கத்துக்கும் சுடும் என்பதும் தெரியும். இப்போது ‘அதுவும் சரிதான்’ வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்தார்.

“‘லும்’ நிக்கட்டும், அண்ணை. நான் போறன்.”

அடுத்த கிழமை தொடக்கம் பஸ் தரிப்பிடத்தில் நின்றார். தெரிந்த சனம் கண்டும் காணாததுமாய்ப் போனது. ஒருநாள், பெட்டிக்குள் யாரோ போட்டுவிட்டுப் போன சப்பாத்து ஒன்றுக்குள் விரல் விட்டுத் தூக்கியிருக்கிறார். உள்ளே உடைந்த கண்ணாடி. ஊசி பிடிக்கிற விரல் கிழிந்துபோயிற்று. கேட்டதும், வைத்தவன் எந்தப் பக்கத்து ஆள் என்றுதான் முதலில் என் புத்தி போனது. சீ என்றாகிவிட்டது.

போன சனி, பனித்தூறலில், என்னுடைய மண்ணிறச் சப்பாத்தில் ஒன்றைக் கொண்டுபோய் நீட்டினேன். வாங்கினார். சிரிக்கவில்லை. ‘தங்கச்சி’யும் இல்லை.

“உங்களை ஆர் அனுப்பினது?”

“ஒருத்தரும் இல்லை, அக்கா. நானாத்தான்.”

 அவர் கட்டுப்போட்ட விரலை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, என் சப்பாத்தைக் கவிழ்த்து நடைபாதையில் உதறினார். ஒன்றும் விழவில்லை. இன்னொரு தரமும் உதறினார்.