மூன்றாம் புள்ளியில் எண்பது சென்டிமீட்டர்

புவியியல் டீச்சருக்கு மாணவிகள் வைத்த பெயர் ‘எக்ஸ்ரே’. அது அவருக்குத் தெரியும். முதலில் வைத்தது யார் என்பதையும் விசாரித்துத் தெரிந்துகொண்டார். தெரிந்த பிறகு அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கண்டுபிடிப்பதோடு அவருக்கு ஆசை தீர்ந்துவிடும். தண்டிப்பதில் ருசி கிடையாது.

பத்தொன்பது வருடமாகப் பாடம் நடத்துகிறார். வானிலை அறிக்கையை நம்ப மாட்டார், ஆனால் ஒருநாள் விடாமல் கேட்பார். முட்டை வாங்கும்போது தண்ணீரில் போட்டுப் பார்ப்பார், அதுவும் கடைக்காரர் தரும் தண்ணீரில் அல்ல, தான் கொண்டுபோன பாட்டில் தண்ணீரில். கணவர் லிஃப்ட் பழுதுபார்க்கிறவர். அவர் கைபட்ட லிஃப்ட் இருக்கும் கட்டடங்களில் டீச்சர் மாடிப்படி ஏறித்தான் போவார். “உங்களை நம்பறேங்க. லிஃப்டைத்தான் நம்பலை” என்பார். கணவருக்கு இதில் சமாதானம் உண்டா இல்லையா என்று யாரும் கேட்டதில்லை.

இவ்வளவு சந்தேகப்படுகிறவர் ஒரே ஒரு முறை சந்தேகப்படாமல் இருந்தார், அதிலேயே மாட்டிக்கொண்டார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகள் குழுவாகக் களஆய்வு செய்து அறிக்கை கொடுக்க வேண்டும். ஆளுக்கு இருபது மதிப்பெண். ‘இத்தரவுகள் களத்தில் நேரடியாகச் சேகரிக்கப்பட்டவை என உறுதி கூறுகிறேன்’ என்ற வரிக்குக் கீழே வழிகாட்டும் ஆசிரியர் கையெழுத்திட வேண்டும். போன வருடம் டைஃபாய்டில் படுத்திருந்த டீச்சர், வீட்டுக்கு வந்த அறிக்கைகளில் படுத்தபடியே கையெழுத்துப் போட்டுவிட்டார். ஊரின் இரு மூலைகளில், வேறு வேறு நாட்களில், இரண்டு குழுக்கள் எடுத்த வெப்பநிலை, தசம எண்கூட மாறாமல் ஒன்றாக இருந்ததைத் தேர்வு வாரியம்தான் கண்டுபிடித்தது. இன்னொரு முறை நடந்தால் பள்ளியின் அத்தனை அறிக்கைகளும் தள்ளுபடி என்று கடிதம் வந்தது. தலைமையாசிரியை அதை டீச்சரின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

இந்த வருடம் முப்பத்திரண்டு பெண்கள். அவர்களில் நாலு பேர் சேர்ந்த ஒரு குழு கடைத்தெருவை எடுத்துக்கொண்டது. பேருந்து நிலையத்திலிருந்து தபால் நிலையம் வரை அறுநூறு மீட்டர். நடைபாதை கட்டும்போது எங்கும் ஒரே அகலம்தான். ஆனால் பேருந்து நிலையத்தை நெருங்க நெருங்கக் கடைச்சாமான்கள் அதை விழுங்கிவிடுகின்றன, அதனால் ஜனங்கள் சாலையில் இறங்கி நடக்கிறார்கள் என்பது அவர்களுடைய ஊகம். அறுபது மீட்டருக்கு ஒன்றாகப் பத்துப் புள்ளிகள். ஒவ்வொன்றிலும் நடக்கக் கிடைக்கும் அகலத்தை அளப்பது, பத்து நிமிடத்தில் நடைபாதையில் எத்தனை பேர், சாலையில் எத்தனை பேர் என்று கோடு போட்டு எண்ணுவது. திட்டம் சுத்தமாக இருந்தது. சுத்தமாக இருந்ததாலேயே டீச்சருக்கு உறுத்தியது.

பெண்கள் புதன்கிழமை அளப்பதாக ஏற்பாடு. டீச்சர் திங்கட்கிழமையே தனியாகப் போனார். கைப்பையில் தையல் டேப். யாரிடமும் சொல்லவில்லை. பத்துப் புள்ளிகளையும் அளந்து, சின்ன நோட்டில் குறித்து, பீரோவில் பூட்டி வைத்தார். தேர்வுக்கு முன்பே விடைக்குறிப்பு தயார்.

வியாழக்கிழமை பெண்களின் அட்டவணை வந்தது. மூன்றாம் புள்ளி, பிளாஸ்டிக் சாமான் கடை வாசல்: டீச்சர் கணக்கில் எண்பது சென்டிமீட்டர், பெண்கள் கணக்கில் இரண்டு மீட்டர் பத்து. மற்ற புள்ளிகளும் அப்படியே. சாலையில் நடந்தவர்கள் விரல்விட்டு எண்ணும்படி இருந்தார்கள்.

“எந்த ஜூஸ் கடையில உக்காந்து எழுதினீங்க?”

ஒரு பெண் அழ ஆரம்பித்தாள். குழுத்தலைவி அழவில்லை. கனத்த கண்ணாடி போட்டவள். அதைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள்.

“அளந்ததைத்தான் எழுதினோம் மிஸ்.”

“போட்டோ இருக்கா?”

“பள்ளி நேரத்துல போன் வெச்சுக்கக் கூடாதுன்னு நீங்கதானே மிஸ் விதி போட்டீங்க.”

அன்று வீட்டில் கணவர் சாப்பிட்டு முடிக்கும்வரை டீச்சர் இதையே பேசினார். “அளந்தே இருக்க மாட்டாங்க. திங்கக்கிழமைக்குள்ள கையெழுத்துப் போடணும். போட்டா நான் போச்சு. போடலைன்னா நாலு பொண்ணுங்க போச்சு.”

“கல்யாணத்துக்கு முன்னாடி என் சம்பளம் நெஜமான்னு என் ஆபீசுக்கே வந்து விசாரிச்சவதானே நீ” என்றார் கணவர்.

“அதுல என்ன தப்பு? நீங்க சொன்னது சரியாத்தானே இருந்துச்சு.”

“சரியா இருந்துச்சேன்னுதான் உனக்கு இன்னைக்கு வரைக்கும் வருத்தம். போய் இன்னொரு தடவை பாத்துட்டு வாயேன்.”

வெள்ளிக்கிழமை காலை அரை நாள் விடுப்பு எடுத்துக்கொண்டு போனார். பேருந்து நிலையத்தைத் தாண்டித் திரும்பியதும் கால் நின்றுவிட்டது. நடைபாதை பளிச்சென்று கிடந்தது, ஆள் பாய் விரித்துப் படுக்கலாம் போல. வாளி இல்லை, செருப்பு ஸ்டாண்டு இல்லை, தொங்கும் பைகள் இல்லை. இரண்டு மீட்டர் பத்து சரியாகத்தான் இருக்கும். பெண்கள் கடைக்காரர்களைக் கெஞ்சி இடத்தைக் காலி செய்ய வைத்திருப்பார்களோ என்று அடுத்த சந்தேகம் உடனே முளைத்தது.

பிளாஸ்டிக் கடைக்குள் சாமான் கூரைவரை அடைந்து கிடந்தது. வாளிகளுக்கு நடுவே கடைக்காரரின் தலை மட்டும் தெரிந்தது.

“வெளியில ஒண்ணும் வைக்கலையா?”

“நான் எப்பவுமே வெளியில வைக்கறதில்லம்மா. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன்.”

“திங்கக்கிழமை வெச்சிருந்தீங்களே. நீல வாளி, பதினோரு அடுக்கு.”

தலை கொஞ்சம் உள்ளே போனது. “மேடம் எந்த டிபார்ட்மென்ட்டு?”

“டீச்சர். பொண்ணுங்க வந்து உங்களை எடுத்து வைக்கச் சொன்னாங்களா?”

அதற்குள் பக்கத்துச் செருப்புக்கடைக்காரர் வந்துவிட்டார். “அண்ணே, இவங்கதாண்ணே! கைப்பைக்குள்ள டேப்பை ஒளிச்சு வெச்சுக்கிட்டு, யாராச்சும் பாத்தா செருப்பு வெல கேக்கற மாதிரி நின்னாங்களே, அவங்க! என் கடையில நாலு ஜோடி போட்டுப் பாத்துட்டு ஒண்ணும் வாங்கலை. அப்பவே சொன்னேன்ல, இது இடிக்க வர்ற ஆபீஸ் ஆளுன்னு.”

டீச்சர் கைப்பையை முதுகுக்குப் பின்னால் நகர்த்தினார். “நான் அளந்ததாலயா எல்லாத்தையும் உள்ள வெச்சீங்க?”

“பின்னே?” என்றார் செருப்புக்கடைக்காரர். “திங்கக்கிழமை சாயங்காலமே தெரு முழுக்கச் சேதி போயிடுச்சு. ரோட்டை அகலப்படுத்தப் போறாங்க, ரகசியமா அளந்துட்டுப் போயிட்டாங்கன்னு.”

“புதன்கிழமை நாலு பொண்ணுங்க வந்து அளந்தாங்களே, அவங்களைப் பாத்துப் பயப்படலையா?”

“அதுங்க பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க. பெரிய டேப்பை இழுத்து, ‘அங்கிள், கொஞ்சம் காலை எடுங்க’ன்னு சத்தமாச் சொல்லி அளந்துச்சுங்க. இடிக்க வர்றவங்க அப்படியா வருவாங்க?”

இடிப்பெல்லாம் இல்லை என்று டீச்சர் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். இல்லை என்று சொல்வதற்கென்றே ஒரு ஆளை அனுப்பியிருக்கிறார்கள் என்றால் விஷயம் பெரிது. டீச்சர் அடையாள அட்டையைக் காட்டினார். செருப்புக்கடைக்காரர் அதை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைசியில் டீச்சர், வாழ்நாளில் சொல்வோம் என்று நினைத்திராத வார்த்தையைச் சொன்னார்:

“தயவுசெஞ்சு பழையபடி நடைபாதையில வைங்க. பொண்ணுங்க திரும்ப வந்து அளக்கணும்.”

“வெச்சதும் போட்டோ எடுத்துக் கேஸ் போடுவீங்க” என்றது வாளிகளுக்கு நடுவிலிருந்த தலை. “வேற எடம் பாருங்கம்மா.”

பிற்பகல் தலைமையாசிரியை எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார். “பொண்ணுங்க அளவு உண்மைதானே? அதை மட்டும் அனுப்புங்க. உங்க பேரு எதுக்கு நடுவுல? போன வருஷக் கடிதம் ஞாபகம் இருக்கில்ல?”

ஞாபகம் இருந்தது. அந்த வழியில் கையெழுத்துப் போட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது. எண்கள் எல்லாம் உண்மையாக இருக்கும், தெரு மட்டும் பொய்யாக இருக்கும். டீச்சர் நேராக வகுப்பறைக்குப் போய், நாலு பெண்கள் முன்னால் தையல் டேப்பையும் சின்ன நோட்டையும் வைத்து, நடந்ததைச் சொன்னார். ஜூஸ் கடை என்று கேட்டது தப்பு என்பதையும் சொன்னார். நேற்று அழுத பெண் இன்று சிரித்துவிட்டாள். பக்கத்திலிருந்தவள் அவளைத் தொடையில் கிள்ளினாள். “சும்மா இருடி!”

கண்ணாடிக்காரி நோட்டைப் புரட்டினாள். “அப்ப உங்க அளவும் சரி, எங்க அளவும் சரி.”

“ஆமா.”

“ரெண்டு அளவையும் பக்கத்துல பக்கத்துல போடலாம் மிஸ். அளக்கறாங்கன்னு சந்தேகம் வந்தா ஒரு தெரு எவ்வளவு உள்ள போகும்னு எழுதலாம். ஆனா, நீங்க எப்படி அளந்தீங்கன்னும் எழுதணுமே.”

“ஒளிஞ்சு அளந்தேன்னு எழுதணும்.”

“ஆமா மிஸ்.” அவள் குரலில் இரக்கம் எதுவும் இல்லை.

திங்கட்கிழமை காலை கண்ணாடிக்காரி அறிக்கையைக் கொண்டுவந்தாள். ஒன்பதாம் பக்கத்தில் டீச்சரின் அளவுகள் பற்றிய மதிப்பீடு ஒரு பத்தி இருந்தது. ‘வழிகாட்டும் ஆசிரியர் மாணவியரைச் சரிபார்க்கும் நோக்கத்தில், அவர்கள் அறியாமல் இவற்றைச் சேகரித்தார். தம்மை மறைத்துக்கொள்ள முயன்றதே அவரை அனைவரும் கவனிக்கக் காரணமாயிற்று. ஒருமுறை மட்டுமே அளந்துள்ளார். நம்பகத்தன்மை: நடுத்தரம்.’

டீச்சர் சிவப்புப் பேனாவோடு அந்தப் பத்தியை மூன்று முறை படித்தார். மாற்ற ஒரு இடமும் கிடைக்கவில்லை.

“நடுத்தரமா?”

“குறைவுன்னுதான் முதல்ல போட்டிருந்தோம் மிஸ். எங்களுக்கே ஒரு மாதிரி இருந்துச்சு.”

“இந்தப் பத்தி யார் எழுதினது? நீங்களேவா?”

“சந்தேகமா மிஸ்?”

சந்தேகம் இருக்கத்தான் செய்தது. இந்த நடை பதினேழு வயதுக்கு மிஞ்சினது. அக்காவோ மாமாவோ யாரோ கைவைத்திருக்க வேண்டும். விசாரித்தால் தெரிந்துவிடும். ஆனால் விதியில் நேரடியாகச் சேகரிக்கச் சொன்னது தரவுகளைத்தான், வாக்கியங்களை அல்ல. தரவு எங்கிருந்து வந்தது என்பது இந்த முறை அவருக்கு வேண்டிய அளவுக்கு மேலேயே தெரிந்திருந்தது. வாரியத்துக்குப் போகிற ஆள் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்.

டீச்சர் நீலப் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார். அறிக்கையை உறைக்குள் வைத்தவர், ஒட்டுவதற்கு முன் மறுபடி வெளியே எடுத்து, கையெழுத்து தன்னுடையதுதானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.